தொலைந்த சாவியைக் கார் மறக்க வேண்டும்

கேள்வி: நாங்கள் மதுரையில் வசிக்கிறோம். ஏழு வருடப் பழைய கார். பட்டனை அழுத்தினால் இயங்கும் வகை. போன மாதம் காரைக்குடிக்கு ஒரு திருமணத்துக்குப் போனபோது, இரண்டு சாவிகளில் ஒன்று மண்டபத்தில் எங்கோ தொலைந்துவிட்டது. கார் எண் பொறித்த பித்தளைத் தகடும் அதே வளையத்தில்தான் இருந்தது. சர்வீஸ் சென்டரில் புதிய சாவிக்கு 14,500 ரூபாய் கேட்கிறார்கள். சாவி வர மூன்று வாரம் ஆகுமாம். வந்த பிறகு கார், கையில் இருக்கும் சாவி, ஆர்.சி. மூன்றையும் கொண்டுவரச் சொல்கிறார்கள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சாவி செய்கிற ஒருவர் 5,000 ரூபாய்க்கு அரை மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறார். மாமனார், "அதான் ஒரு சாவி இருக்கிறதே, எதற்கு வீண் செலவு?" என்கிறார். கல்லூரியில் படிக்கும் மகனோ, சாவியின் சிக்னலைத் திருடியே காரைக் கொண்டுபோகிறார்கள், இருக்கிற சாவியை அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள் என்கிறான். நான் யார் பேச்சைக் கேட்பது?
— மதுரை வாசகி ஒருவர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்கு ஆலோசனை சொன்ன நால்வரும் புதிய சாவியைப் பற்றியோ கையில் இருக்கும் சாவியைப் பற்றியோதான் பேசுகிறார்கள். தொலைந்த சாவியை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. நீங்கள் இந்தப் பதிலைப் படிக்கும் நேரத்திலும் அந்தச் சாவி உங்கள் காரைத் திறக்கும், ஓட்டும். எந்தக் காரை என்பதையும் அதன் கூடவே இருக்கும் தகடு சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆகவே புதிய சாவி வாங்குவது உங்களுக்கு இரண்டாவது வேலை. தொலைந்ததைக் காரின் நினைவிலிருந்து நீக்குவதுதான் முதல் வேலை. அதை யார் செய்து, செய்ததைத் திரையில் காட்டுகிறாரோ அவரிடம் போங்கள். அவர் சர்வீஸ் சென்டர்காரராக இருந்தாலும் சரி, பேருந்து நிலையத்துக்காரராக இருந்தாலும் சரி. மாமனாரின் யோசனையை மட்டும் பணிவோடு மறுத்துவிடுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

இதற்கு மூன்று வாரம் காத்திருக்கத் தேவையும் இல்லை. கையில் ஒரு சாவி இருக்கும்போது தொலைந்ததை மட்டும் நீக்குவது, பெரும்பாலான கார்களில் ஸ்கேனர், அதாவது காரின் கணினியோடு பேசும் கருவி, போட்டுச் சில நிமிடங்களில் முடிகிற வேலை. சர்வீஸ் சென்டரில், "புதிய சாவி வரும்போது வரட்டும், பழையதை இப்போதே நீக்கிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். இரண்டு முறை கூலி வாங்கக்கூடும். கொடுத்துவிடுங்கள், அந்தப் பணத்துக்கு நிம்மதியான மூன்று வாரம் கிடைக்கிறது. கவுண்டரில் இருப்பவர் தயங்கினால், மேற்பார்வையாளரிடமோ ஸ்கேனர் வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியனிடமோ நேரடியாகப் பேசுங்கள். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்குப் பெரும்பாலும் விலைப்பட்டியல்தான் தெரியும்.

அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் கூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மூன்று பொருள்கள் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. ஒன்று, பக்கவாட்டில் ஒளிந்திருக்கும் சிறிய உலோகச் சாவி. பேட்டரி தீர்ந்த நாளில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறப்பதற்காக வைத்தது. இரண்டாவது, கதவைப் பூட்டித் திறக்கும் ரிமோட். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அது அனுப்பும் குறியீடு மாறிக்கொண்டே போகும். அதனால் ஒரு முறை அழுத்தியதைப் பதிவு செய்து இன்னொரு முறை அப்படியே ஒலிபரப்பினால் கார் மசியாது. மூன்றாவதுதான் முக்கியமானது: இம்மொபிலைசர் சிப். இஞ்சினை இயங்க விடுவதா வேண்டாமா என்பதை இதைக் கேட்டுத்தான் கார் முடிவு செய்கிறது.

சிப்பின் வேலை ஒரு சிறிய தேர்வு போன்றது. கார் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் எண்ணைக் கேள்வியாக அனுப்பும். சிப் அந்த எண்ணைத் தன்னுள் இருக்கும் ரகசியத்தோடு சேர்த்துக் கணக்கிட்டு விடையைத் திருப்பி அனுப்பும். அதே ரகசியம் காருக்கும் தெரியும் என்பதால், காரும் தானாகக் கணக்கிட்டு இரு விடைகளையும் ஒப்பிடும். ரகசியம் காற்றில் ஒரு தடவைகூடப் பயணம் செய்வதில்லை. பட்டன் வகைக் கார்களில் இந்தக் கேள்வி 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில், சில அடி தூரத்துக்கு மட்டும் எட்டும்படி போகும். சாவி நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்லும். விடை சரியாக இருந்தால்தான் ஈ.சி.யு. எனப்படும் இஞ்சின் கணினி எரிபொருளையும் தீப்பொறியையும் விடும். பழைய கார்களில் திருடர்கள் செய்ததுபோல் வயரைப் பிடுங்கி இணைத்து இங்கே ஒன்றும் நடக்காது.

இது ஏதோ ஆடம்பர வசதி என்று பலர் நினைக்கிறார்கள். 1990களில் ஐரோப்பாவில் கார் திருட்டு தலைக்கு மேல் போனதால் பிறந்த சட்டக் கட்டாயம் இது. ஜெர்மனி 1998 ஜனவரியிலிருந்தும், ஐரோப்பிய ஒன்றியம் அதே ஆண்டு அக்டோபரிலிருந்தும், புதிய கார்கள் அனைத்திலும் இம்மொபிலைசர் இருக்க வேண்டும் என்றன. கனடா 2007இல் கட்டாயமாக்கியது. அமெரிக்கா கட்டாயமாக்கவில்லை. அதன் விளைவை அண்மையில் உலகமே பார்த்தது. ஹூண்டாய், கியா நிறுவனங்கள் அமெரிக்காவில் விற்ற, சாவியைத் திருகி இயக்கும் பல மாடல்களில் பல ஆண்டுகளாக இந்தச் சிப்பே கிடையாது. 2021, 2022 ஆண்டுகளில் பதின்வயதுப் பையன்கள் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள மூடியைக் கழற்றி, யு.எஸ்.பி. கேபிளின் முனையால் திருகிக் காரைக் கிளப்பி, அதை வீடியோவாகவும் போட்டார்கள். கடைசியில் 2023இல் சுமார் 83 லட்சம் கார்களுக்கு இலவச மென்பொருள் திருத்தம் அறிவிக்க வேண்டியதாயிற்று. எல்லைக்கு அந்தப் பக்கம், கனடாவில், அதே நிறுவனங்களின் கார்களில் சிப் இருந்தது. அங்கே இந்த வித்தை எடுபடவில்லை. சிப்புக்கு எதற்கு இவ்வளவு விலை என்று கேட்பவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வது வழக்கம்.

இப்போது உங்கள் தொலைந்த சாவிக்கு வருகிறேன். எந்தெந்தச் சாவி தன்னுடையது என்று கார் தன் நினைவில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அடுக்குமாடி வாசலில் காவலாளி வைத்திருக்கும் பெயர்ப் பட்டியல் போலத்தான். புதிதாக ஒருவர் பெயரைச் சேர்த்துவிட்டதால் பழைய பெயர் தானாக அழிந்துவிடாது. யாராவது பேனாவை எடுத்து அடிக்க வேண்டும். உங்கள் காரின் பட்டியலில் இப்போது இரண்டு பெயர்கள். அரை மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்பவர் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக் கொடுத்து அனுப்பினால், 5,000 ரூபாய் கொடுத்தும் உங்கள் பாதுகாப்பு ஓர் அங்குலமும் கூடவில்லை. சில மாடல்களில் புதிய சாவியைப் பதிவு செய்யும்போது பட்டியல் முழுவதும் அழிந்து, அங்கே இருக்கும் சாவிகள் மட்டும் புதிதாக எழுதப்படும். கையில் இருக்கும் சாவியையும் கொண்டுவரச் சொல்வதற்குக் காரணம் இதுதான். வேறு சில மாடல்களில் சேர்ப்பதும் நீக்குவதும் தனித்தனி வேலை. சொல்லிக் கேட்டால்தான் நீக்குவார்கள்.

இன்னொரு முறையும் உண்டு. திருகு சாவிக் கார்களில் அது சாதாரணம். இருக்கிற சாவியின் சிப்பை அப்படியே நகல் எடுத்துவிடுவார்கள். காருக்கு இரண்டும் ஒரே சாவியாகத் தெரியும். மலிவு, வேகம், காரைத் தொடவே வேண்டியதில்லை. ஆனால் காரின் நினைவில் எதுவும் மாறுவதில்லை என்பதால், சாவியைத் தொலைத்தவருக்கு நகல் உதவாது. பட்டன் வகைக்கு இது பெரும்பாலும் பொருந்தவும் செய்யாது. உங்களிடம் ஒருவர், "காரே வேண்டாம், சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்று சொன்னால், அவர் செய்யப்போவது நகல்தான்.

வேலை முடிந்ததும் ஸ்கேனர் திரையைக் காட்டச் சொல்லுங்கள். பதிவான சாவிகளின் எண்ணிக்கையைப் பெரும்பாலான கார்களில் அங்கே பார்க்கலாம். இரண்டு என்று இருக்க வேண்டும். மூன்று என்று இருந்தால் ஒன்று தொலைந்த சாவி இன்னும் உள்ளே இருக்கிறது, அல்லது உங்களுக்குத் தெரியாத ஒரு சாவி சேர்ந்திருக்கிறது. இரண்டாவது சாத்தியத்தை எண்ணித்தான் சொல்கிறேன்: காரை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். பக்கத்தில் நின்று முடித்துக்கொண்டு வாருங்கள். எண்ணிக்கையைத் திரையில் பார்த்த கையோடு கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

விலை வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? சர்வீஸ் சென்டரில் நிறுவனத்தின் அசல் சாவி உங்கள் சேஸிஸ் எண்ணின் பேரில் தருவிக்கப்படுகிறது. உள்ளே இருக்கும் உலோகச் சாவியும் உங்கள் கதவுக்கு ஏற்ப வெட்டப்பட வேண்டும். பதிவு செய்யத் தேவையான ரகசிய எண்ணைப் பல நிறுவனங்கள் தங்கள் சர்வரிலிருந்துதான் கொடுக்கின்றன; யார், எந்தக் காருக்கு, எப்போது கேட்டார் என்ற பதிவும் அங்கே நிற்கும். நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி இந்தக் கணக்கு வழக்குக்கு. மீதியில் லாபமும் தாராளமாகவே இருக்கிறது. அதை மறைத்துப் பேச எனக்கு எந்தக் கடமையும் இல்லை.

பேருந்து நிலையத்துக்காரர், சந்தையில் கிடைக்கும் சாவியை ஓ.பி.டி. போர்ட் வழியாகப் பதிவு செய்வார். ஓ.பி.டி. போர்ட் என்பது ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே இருக்கும், ஸ்கேனர் செருகும் துளை. இந்தத் தொழிலில் இருப்பவர்களைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். தினமும் பல நிறுவனக் கார்களில் கை வைப்பதால், சாவியைக் காரில் பதிவு செய்யும் கீ கோடிங்கில் சர்வீஸ் சென்டர் ஊழியரைவிடத் தேர்ந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் நல்லவரை அடையாளம் காண எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அவர் உங்களிடம் ஆர்.சி.யும் அடையாள அட்டையும் கேட்கிறாரா? உங்களிடம் எதுவும் கேட்காமல் சாவி செய்து கொடுப்பவர், நாளை உங்கள் காருக்கு வேறொருவர் வந்து கேட்டாலும் எதுவும் கேட்காமல் செய்து கொடுப்பார். கேட்டு, நகல் எடுத்து, பதிவேட்டில் எழுதிக்கொள்பவரிடம் தாராளமாக வேலையைக் கொடுக்கலாம். தொலைந்ததை நீக்கித் தருவாரா, சாவிக்கு எத்தனை மாதம் உத்தரவாதம், கோடிங் நடுவில் நின்றுபோனால் யார் பொறுப்பு ஆகியவற்றையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். காரின் பேட்டரி பலவீனமாக இருந்தால் பாதியில் நின்றுபோவது உண்மையாகவே நடக்கும். அனுபவசாலிகள் சார்ஜர் இணைத்த பிறகே வேலையைத் தொடங்குவார்கள். அதைப் பார்த்தாலே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

இணையத்தில் பழைய ரிமோட் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். பல நிறுவனங்களின் பட்டன் சாவிகள் ஒரு காரோடு இணைந்த பிறகு வேறு காரை ஏற்காது. அமெரிக்கா, ஜப்பான் சந்தைகளுக்குச் செய்த பல சாவிகள் 315 மெகாஹெர்ட்ஸில் பேசுபவை. பார்க்க அச்சாக ஒன்றுபோல் இருக்கும். உங்கள் கார் காது கொடுக்காது.

தொலைந்த சாவியை எடுத்தவர் என்ன செய்ய முடியும்? காரைக்குடி மண்டபத்தில் எடுத்தவர் மதுரைக்குத் தேடி வருவார் என்று நான் பயமுறுத்த மாட்டேன். பெரும்பாலும் அது பந்தல் சாமான்களோடு ஏதோ ஒரு மூட்டையில் கிடக்கும். ஆனால் தகடு இருக்கிறதே. எண் தெரிந்த ஒருவர் உங்கள் காரை எங்காவது நிறுத்துமிடத்தில் பார்த்துவிட்டால், கதவருகே நின்று கைப்பிடியைத் தொட்டாலே போதும். சாவியில் எண் எழுதுவது நம் ஊரில் பரவலான பழக்கம். எனக்குப் பிடிக்காத பழக்கங்களில் முதலிடம் இதற்குத்தான். வேண்டுமானால் கைப்பேசி எண்ணை மட்டும் எழுதுங்கள். கிடைத்தவர் கூப்பிடுவார், எந்தக் கார் என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

நினைவிலிருந்து நீக்கிய பிறகும் ஒன்று மிச்சம் இருக்கும். உள்ளே ஒளிந்திருக்கும் உலோகச் சாவி கதவை இன்னமும் திறக்கும். அதற்குச் சிப்பும் தெரியாது, பட்டியலும் தெரியாது. பல கார்களில் அப்படித் திறந்தால் அலாரம் கத்தும். இஞ்சின் நிச்சயம் இயங்காது. காருக்குள் மடிக்கணினி, நகை, பத்திரம் எதையும் விட்டுவைக்காதவராக இருந்தால் இதைப் பொருட்படுத்த வேண்டாம். மனம் ஒப்பவில்லை என்றால் கதவுப் பூட்டின் உருளையை மாற்றலாம். என் கருத்தில் உங்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை.

உங்கள் மகன் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அது வேறு நோய்க்கான மருந்து. சாவி வீட்டில் பத்திரமாக இருக்கும்போதே நடக்கும் திருட்டு அது. ஒருவன் ஒரு கருவியோடு காரின் அருகில் நிற்பான். இன்னொருவன் வேறொரு கருவியோடு உங்கள் வாசல் கதவருகே நிற்பான். கார் கேட்கும் கேள்வியை முதல் கருவி வாங்கி இரண்டாவதுக்குத் தரும். அது சுவரைத் தாண்டிச் சாவியிடம் கேட்கும். சாவியின் விடை அதே வழியில் திரும்பும். கணக்கை யாரும் உடைக்கவில்லை. சாவி பக்கத்தில் இருப்பதாகக் காரை நம்ப வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். சூரிச்சில் உள்ள இ.டி.ஹெச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் எட்டு நிறுவனங்களின் பத்து மாடல்களில் இதைச் செய்து காட்டினார்கள். புதிய உயர்விலைக் கார்கள் சிலவற்றில் இதற்கு மாற்று வந்துவிட்டது. அல்ட்ரா வைட்பேண்ட் என்ற முறையில், சிக்னல் போய்வர ஆகும் நேரத்தை அளந்து சாவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கார் கண்டுபிடிக்கும். ஒளி ஒரு நானோ விநாடியில் 30 சென்டிமீட்டர்தான் போகும் என்பதால், நடுவில் ஆள் நின்று கடத்தினால் தாமதம் காட்டிக்கொடுத்துவிடும். ஏழு வருடப் பழைய உங்கள் காரில் இது இருக்க வாய்ப்பில்லை.

எனவே வாசலை ஒட்டிய சுவரில் சாவி மாட்டும் வழக்கம் இருந்தால் மாற்றுங்கள். வீட்டின் உட்பக்கம், கார் நிற்கும் இடத்திலிருந்து விலகி வையுங்கள். அலுமினியத் தாள் முழுவதுமாகச் சுற்றினால் வேலை செய்யும். நாலு நாளில் கிழியும். அதைவிட மூடி இறுக்கமாகப் பொருந்தும் ஓர் எவர்சில்வர் டப்பா மேல். ஆனால் டப்பாவுக்கு டப்பா வித்தியாசம் உண்டு. சாவியை உள்ளே போட்டு மூடி, கையில் எடுத்துக்கொண்டு காரின் கதவருகே போய்க் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். கதவு திறந்தால் அந்த டப்பாவைச் சமையலறைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், நம் ஊர்க் காருக்குச் சிக்னல் கடத்துபவனைவிட ஓ.பி.டி. போர்ட்டில் கை வைப்பவனைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். பேருந்து நிலையத்துக்காரர் உங்கள் கண்ணெதிரே செய்யும் அதே வேலையைத் திருடன் கண்ணாடியை உடைத்து உள்ளே ஏறிச் செய்கிறான்: புதிய சாவி ஒன்றைப் பட்டியலில் சேர்த்துவிட்டு ஓட்டிப்போகிறான். டெல்லியில் பிடிபட்ட கார் திருட்டுக் கும்பல்களிடம் காவல்துறை இத்தகைய கீ புரோகிராமிங் கருவிகளைக் கைப்பற்றிய செய்திகள் அடிக்கடி வருகின்றன. ஐரோப்பாவிலும் இதே கதை. பழுதுபார்க்கும் ஸ்கேனர் என்ற பெயரில் விற்கப்பட்ட, காரைத் திருட உதவும் மென்பொருள் தொடர்பாக 2022 அக்டோபரில் பிரான்ஸ், ஸ்பெயின், லாட்வியா நாடுகளில் 31 பேர் கைதானார்கள்.

இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு இதுதான் தீராத தலைவலி. சாவியைத் தொலைத்தவருக்கு உதவ ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும். அந்த வாசலுக்கு வெளியே நிற்பவர் உரிமையாளரா திருடனா என்று காருக்குத் தெரியாது. நிறுவனங்கள் நீண்ட காலம் ரகசியத்தையே பாதுகாப்பாக நம்பின, அது நிலைக்கவில்லை. ஃபோர்டு உள்ளிட்ட நிறுவனங்களின் கார்ச் சாவிகளில் இருந்த 40 பிட் சிப்பை 2005இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் ஆர்.எஸ்.ஏ. என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வகமும் சேர்ந்து உடைத்தன. 40 பிட் என்றால் சுமார் 1.1 லட்சம் கோடி சாத்தியங்கள். கேட்கப் பெரிதாக இருக்கிறது. அவர்கள் சேர்த்துக் கட்டிய கருவி ஒரு மணி நேரத்துக்குள் சரியான ரகசியத்தைக் கண்டுபிடித்தது. பிறகு மெகாமோஸ் என்ற இன்னொரு சிப்பில் குறை கண்டவர்கள் கட்டுரை வெளியிடப் போனபோது, ஃபோக்ஸ்வாகன் 2013இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. கட்டுரை ஒரு வாக்கியம் நீக்கப்பட்டு 2015இல்தான் வெளிவந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் குறை சரியாகிவிட்டதா என்ன? சாலையில் ஓடிக்கொண்டிருந்த கார்களின் சிப் அதேதான். தடை ஆய்வாளர்களைத்தான் கட்டிப்போட்டது.

சாவியே சம்பந்தப்படாத வழிகளும் வந்துவிட்டன. லண்டனில் 2022இல் வாகனப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவரின் டொயோட்டா காரே திருடு போனது. முன்விளக்குக்குப் போகும் வயரில் கருவியைச் செருகி, காரின் உள் வலைப்பின்னலில், "சரியான சாவி வந்துவிட்டது" என்று பொய்ச் செய்தி அனுப்பும் வித்தை அது. இவ்வளவையும் பார்த்த பிறகு நான் சிபாரிசு செய்வது ஒரு கனமான இரும்புப் பொருளைத்தான்: ஸ்டீயரிங் லாக் அல்லது கியர் லாக். மின்னணு வேலை தெரிந்த திருடனுக்கு இரும்பு அறுக்கும் பொறுமை பெரும்பாலும் இருப்பதில்லை. வெளியிலிருந்து பார்த்தாலே தெரிவதும் அதன் பலம்.

இப்போது மாமனாருக்கான பதில். ஒரு சாவியோடு ஓட்டலாம். அதுவும் தொலையும் வரை. கையில் ஒரு சாவி இருக்கும்போது இன்னொன்று செய்வது எளிது. ஒன்றுமே இல்லாதபோது காரை இழுத்துச் செல்லும் வண்டியில் ஏற்ற வேண்டும், ரகசிய எண்ணை நிறுவனத்திடமிருந்து வாங்க வேண்டும். சில மாடல்களில் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கழற்றி அதன் நினைவகச் சிப்பை நேரடியாகப் படிக்க வேண்டியும் வரும். இன்னும் சிலவற்றில் பெட்டியையே மாற்றச் சொல்வார்கள். அன்றைய பில்லைப் பார்த்தால் இன்றைய 14,500 மலிவாகத் தெரியும். காரை விற்கும் நாளிலும், "இன்னொரு சாவி எங்கே?" என்றுதான் வாங்குபவர் முதலில் கேட்பார். கேட்க வேண்டியதும்கூட. பழைய கார் வாங்குகிற எவரும் முந்தைய சொந்தக்காரரின் சாவிகளை நீக்கிப் பதிவு செய்துகொள்வது நல்லது. நம்மில் யாரும் செய்வதில்லை.

காப்பீட்டையும் மறந்துவிடாதீர்கள். கார் திருடு போய் இழப்பீடு கேட்கும்போது, காப்பீட்டு நிறுவனங்கள் இரண்டு அசல் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். ஒன்று இல்லை என்றால், ஏன் இல்லை என்ற கேள்வி எழும். முன்கூட்டியே சொல்லியிருந்தால் அது சாதாரணக் கேள்வி. சொல்லாமல் இருந்திருந்தால் சந்தேகம். ஆகவே சாவி தொலைந்தது பற்றிக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துச் சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். தமிழ்நாடு காவல்துறையில் இணையம் வழியாகப் புகார் கொடுக்கும் வசதியும் உண்டு. அந்த ரசீதோடு காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, புதிய சாவியின் பில்லையும் சேர்த்து வையுங்கள். உங்கள் பாலிசியில் சாவி மாற்றுச் செலவுக்கான கூடுதல் காப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பலர் பிரீமியம் கட்டியிருப்பார்கள், இருப்பதே தெரியாது. இருந்தால் 14,500 ரூபாயில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கலாம். அப்போது சர்வீஸ் சென்டரா, பேருந்து நிலையமா என்ற கேள்விக்கே வேலை இல்லை. ஆனால் அதற்குப் புகார் ரசீது கேட்பார்கள், கால வரம்பும் வைத்திருப்பார்கள். போன மாதம் தொலைந்தது என்கிறீர்கள். இன்றைக்கே பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

காப்பு எதுவும் இல்லை என்றால்? ஆர்.சி. கேட்கிற, தொலைந்ததை நீக்கித் தருகிற ஆளாக அந்தப் பேருந்து நிலையத்துக்காரர் இருந்தால், 5,000 ரூபாயில் செய்துகொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கார் இன்னும் உத்தரவாதக் காலத்தில் இருந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

புதிய சாவி வரும்வரை இருக்கிற ஒரே சாவியின் பேட்டரியை மாற்றிவிடுங்கள். கூட்டைத் திறந்தால் செல்லின் மேல் எண் இருக்கும், பெரும்பாலும் சி.ஆர். 2032 அல்லது அதன் தம்பிகளில் ஒன்று, மூன்று வோல்ட். அதே எண்ணைத்தான் போட வேண்டும். தடிமன் மாறினால் தொடர்பு சரியாக விழாது. ஒருவேளை வழியில் பேட்டரி செத்துவிட்டால் பதற வேண்டாம். உலோகச் சாவியால் கதவைத் திறந்து உள்ளே உட்காருங்கள். பிரேக்கையும், கையால் கியர் மாற்றும் காரானால் கிளட்சையும் மிதித்துக்கொண்டு சாவியை ஸ்டார்ட் பட்டன் மேலேயே ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள். உள்ளே இருக்கும் சிப்புக்குப் பேட்டரி தேவையில்லை. அவ்வளவு அருகில் வந்தால் காரே அதற்கு மின்சாரம் ஊட்டிவிடும். சில மாடல்களில் சாவியை வைக்கும் இடம் கப் ஹோல்டருக்குள்ளோ ஸ்டீயரிங் தண்டின் பக்கத்திலோ இருக்கும். கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். வீட்டில் கார் நிற்கும்போதே ஒரு முறை செய்து பழகிக்கொள்ளுங்கள், மாமனாருக்கும் காட்டிவிடுங்கள்.